மோட்டார் அறையில் மாலை போட்ட படம்

போன மாதம் எனக்கு ஆபீசில் பிரிவு உபசாரம் நடத்தினார்கள். கேக் வெட்டி, சால்வை போர்த்தி, போட்டோவும் எடுத்து முடிந்த பிறகு, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கன்னடத்தில் கேட்டாள்: இப்போதெல்லாம் இந்த வேலையை மெஷினே நாலு நிமிடத்தில் செய்துவிடுகிறதே, இத்தனை வருடம் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து என்னதான் செய்தீர்கள்? அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாயில் கேக் இருந்ததால் தப்பித்தாள். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

கனடாவில் ஒரு பதிப்பகம் ஆண்டுதோறும் ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டு வந்தது. அறிவியல், அரசியல், பொதுவாழ்வு என்று அதில் மூன்று பகுதி. அந்த நாட்டில் பேர் சொல்லும்படி வாழ்ந்தவர்கள், வாழ்கிறவர்கள் எல்லோருடைய வாழ்க்கைக் குறிப்பும் அதில் இருக்கும். அந்தக் குறிப்புகளைச் சரிபார்த்துத் திருத்தும் வேலை கடல் தாண்டி மைசூருக்கு வந்து சேர்ந்தது. ஹெப்பால் தொழிற்பேட்டைப் பக்கம், இரண்டாவது மாடியில், பதினான்கு பேர் உட்கார்ந்து அதைச் செய்தோம். ஹனூர்ப் பக்கம் மார்டள்ளியில் மரவள்ளிக்காட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். பனியைக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனால் எந்த மாகாணத்தில் எந்த மந்திரி ரயில் பாதைச் சண்டையில் பதவியை விட்டார், எந்த வானியல் அம்மா எத்தனை வயதில் டாக்டர் பட்டம் வாங்கினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மனைவிக்கு அதில் பெருமை எதுவும் இல்லை. ரேஷன் கார்டு எங்கே வைத்தீர்கள் என்றால் மட்டும் தெரியாது என்பாள்.

முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. படித்தேன், திட்டு வாங்கினேன், மறுபடி படித்தேன். திட்டியவர் யதுகிரி மேடம், எங்கள் பிரிவின் தலைவி.

மேடத்துக்குச் சொந்த ஊர் மேலுகோட்டை. குள்ளமான உருவம், எப்போதும் மைசூர் சில்க், கையில் ஒரு பென்சில். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பென்சில் போகவில்லை. வீட்டில் அவர்கள் பேசும் பழைய தமிழில் பாதி எனக்குப் புரியாது. என் ஹனூர்ப் பக்கத்துத் தமிழைக் கேட்டால் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே போய்விடும். ஆபீசில் மற்றவர்களோடு கன்னடம், என்னோடு மட்டும் தமிழ். அதனால் திட்டுகள் எனக்கு நேராக வந்து சேர்ந்தன.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு முன்னாள் மாகாண மந்திரி, தான் தோற்ற இரண்டு தேர்தல்களையும் குறிப்பில் ஏன் போட்டீர்கள் என்று நான்கு பக்கம் கோபமாக எழுதியிருந்தார். மேடம் இரண்டே வரியில் பதில் போட்டார்: ஜெயித்ததும் நீங்கள்தான், தோற்றதும் நீங்கள்தான், இரண்டையும் உங்களிடமிருந்து நாங்கள் பிரிக்க முடியாது. அடுத்த வருடம் அந்த மனிதரே தன் மூன்றாவது தோல்வியையும் எழுதி அனுப்பிவைத்தார்.

எங்கள் வேலையில் மிகக் கனமானது ஒருவரைக் காலமானவர் என்று குறிப்பது. ஆபீசில் அதற்குக் கதவு சாத்துவது என்று பேர். ஒருவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால் இரண்டு பேர் தனித்தனியாக ஆதாரம் தேட வேண்டும். முதல் ஆள் கண்டுபிடித்தது இரண்டாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. இரண்டும் மேடம் மேஜைக்குப் போகும். அவர் இரண்டையும் படித்துவிட்டு, நிமிர்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"யார் பார்த்தா?"

மருத்துவமனை அறிவிப்பா, குடும்பத்தார் கொடுத்த விளம்பரமா, அவர் சாவை உண்மையில் அறிந்த மனிதர் யார் என்பதுதான் கேள்வி. பதில் திருப்தியாக இருந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். நின்றபடிதான் அந்தக் குறியைப் போடுவார். முன்பின் தெரியாத ஒரு கனடாக்காரருக்காக மைசூரில் ஒரு அம்மாள் எழுந்து நிற்பது ஆரம்பத்தில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு நாங்கள் எல்லோருமே எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டோம்.

அந்த வருடம் அறிவியல் பகுதியில் டாக்டர் ஆட்ரி பெல்வுட் என்ற பெயர் வந்தது. நிலத்தடி நீர் ஆராய்ச்சி செய்தவர், எண்பது வயதைத் தாண்டியவர். அவர் அனுப்பவேண்டிய வருடாந்திரப் படிவம் வரவில்லை. படிவம் வராவிட்டால் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது வழக்கம். முதலில் பார்த்தவள் ஷோபா, என் பக்கத்து மேஜைக்காரி, மண்டியாப் பெண். இரண்டாவது ஆள் நான்.

காபி மிஷின் அருகே நின்றபோது ஷோபா சொல்லிவிட்டாள். அந்த அம்மா வேலை பார்த்த பல்கலைக்கழகம் அவர் பேரில் ஒரு வருடாந்திரச் சொற்பொழிவு தொடங்கியிருக்கிறதாம். செய்தி முழுக்க, செய்தார், கண்டறிந்தார், வழிகாட்டினார் என்று நடந்துமுடிந்த பேச்சாகவே இருக்கிறதாம். போய்விட்டார் போலிருக்கிறது, பாவம், என்றாள். அவள் சொல்லியிருக்கக் கூடாது, நான் கேட்டிருக்கவும் கூடாது. ஒரு காபி நேரத்தில் விதி உடைந்தது, அது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

என் இடத்துக்குப் போய்த் தேடினேன். விவசாயிகள் சங்கம் ஒன்றின் பக்கத்தில் ஒரு புகைப்படம் கிடைத்தது. சின்ன மோட்டார் அறை, சுவரில் மாதேஸ்வர சாமி படம், அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் படம். இரண்டுக்கும் செவ்வந்தி மாலை, பொட்டு, முன்னால் அகல் விளக்கு. அது ஆட்ரி பெல்வுட் என்று கீழே போட்டிருந்தது. அதோடு இருந்த ஊர்ப்பேரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மார்டள்ளியிலிருந்து பாலாறு போகிற வழியில், என் தாய்மாமன் இருக்கும் ஊர். அந்தக் காலத்தில் ஒரு கனடாக்கார அம்மா வந்து கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்துப் பார்த்தாள், ஆழ்குழாய்த் தண்ணீர் பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது என்று சொல்லி, மழைநீர்க் குட்டைக்குப் பக்கத்தில் வேறு இடம் காட்டினாள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அவர்தான் இவர் என்று அன்றுதான் தெரிந்தது.

ஷோபா எட்டிப் பார்த்து, இது போதுமா, உறுதிதானா என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: எங்கள் ஜனத்தில் உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைப்பார்களா? அந்த ஆபீசில் அந்த ஊரை அறிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மேடம் அன்று விடுப்பு. தங்கை மகள் கல்யாணம். அவருக்குப் பதில் பொறுப்பிலிருந்தவர் இரண்டு ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது. கதவு சாத்தப்பட்டது. யாரும் எழுந்து நிற்கவில்லை.

அந்த வருடத்து மறைந்தோர் பட்டியல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் போக வேண்டும். அங்கே அது காலை எட்டு. அந்த நேரத்துக்குப் பட்டியல் தானாகவே கனடா முழுக்க உள்ள பத்திரிகைகளுக்குப் போய்விடும். இந்த ஆண்டு நம்மைப் பிரிந்தவர்கள் என்று மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வரும்.

அன்று மதியம் மூன்று மணிக்கு என் மாமா போன் செய்தார். மாதேஸ்வர சாமி மலைத் திருவிழாவுக்கு வருகிறாயா என்று கேட்கத்தான். பேச்சுவாக்கில், உங்கள் மோட்டார் அறையில் இருக்கும் கனடாக்காரம்மா தவறிவிட்டார்களாமே, அந்த வேலை என்னிடம்தான் வந்தது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

மாமா திருவிழாப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு கேட்டார்.

"ஆரு கண்ணு சொன்னது, செத்துப்போயிட்டாங்கன்னு?"

"நீங்கதான மாமா மாலை போட்டு விளக்கு வெச்சிருக்கறீங்க."

"அது சாவுக்குப் போட்ட மாலையா? தண்ணி வந்ததுக்குப் போட்டது. நாப்பது வருசமா வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை போடறோம். சாமிக்குப் போடறப்ப அந்தம்மாவுக்கும் ஒண்ணு. இன்னைக்கும் போட்டாச்சு."

போனைக் கீழே வைத்தேன். ஷோபாவின் ஆதாரத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவர் பேரில் சொற்பொழிவு என்று இருந்ததே தவிர, இறந்தார் என்ற சொல் எங்குமே இல்லை. நம் பக்கத்தில் ஆள் போன பிறகுதான் அவர் பேரில் ஏதாவது தொடங்குவோம். அங்கே ஓய்வு பெற்றவருக்கு உயிரோடு இருக்கும்போதே செய்வார்களாம். அவள் தன் ஊர் வழக்கப்படி படித்தாள், நான் என் ஊர் வழக்கப்படி பார்த்தேன். இரண்டு ஆதாரமும் எங்கள் கண்ணில் இருந்ததே தவிர, காகிதத்தில் இல்லை.

கல்யாணம் முடிந்து திரும்பியிருந்த மேடத்தின் மேஜைக்கு நடந்தேன். பத்தடி தூரம். அதற்குள் வேலை போய்விடும் என்று நினைத்தேன், மகளின் காலேஜ் ஞாபகம் வந்தது, திரும்பிப் போய்விடலாம் என்றும் தோன்றியது. மாலை விஷயம் சொன்னேன். சொற்பொழிவு விஷயம் சொன்னேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு, ஷோபா கண்டதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நீங்கள் தேடினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்ப ரெண்டு பேர் பாக்கலை, மாதேஷ். ஒருத்தருமே பாக்கலை."

அவ்வளவுதான். எழுந்து நேராக மேலாளர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மேலாளர் கெட்டவர் இல்லை, கடிகாரத்துக்கு வாழ்க்கைப்பட்ட மனிதர். முத்திரை வைத்த பட்டியலைத் திறக்க வேண்டுமானால் எழுத்தில் ஆதாரம் வேண்டும், அது ஒப்பந்தம், என்றார். இறந்ததற்கு ஆதாரம் இல்லை என்று மேடம் சொன்னார். உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். சாவுக்கு இரண்டு ஆதாரம் கேட்டே பழகிய எங்களிடம் உயிருக்கு ஒன்றுகூட இல்லை. பதிப்பகத்து ஆசிரியர் ஆபீசுக்கு வர நம் நேரம் ஆறரை ஆகும். அதற்குள் எல்லாம் போயிருக்கும்.

மேடம் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து இரும்பு பீரோவைத் திறந்தார். கம்ப்யூட்டருக்கு முந்திய காலத்துக் காகிதப் படிவங்கள் அதில் இருந்தன. தூக்கி எறியச் சொல்லி மூன்று முறை உத்தரவு வந்தும் அவர் எறியவில்லை. ஆட்ரி பெல்வுட் தன் கையால் நிரப்பிய படிவம் கிடைத்தது. ஒண்டாரியோவில் ஒரு ஏரிக்கரை ஊர், வீட்டுத் தொலைபேசி எண்ணோடு. எண் இத்தனை வருடம் கழித்தும் இருக்குமா என்று நான் யோசிப்பதற்குள், "போடுங்கோ" என்று போனை என் பக்கம் நகர்த்தினார்.

நாலே கால் ஆகியிருந்தது. அங்கே விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. நாலரைக்குப் போட்டேன். எடுக்கவில்லை. எண்பது வயதுக்கு மேலான அம்மாள், தனியாக இருப்பவர், விடியற்காலையில் வீட்டில் இல்லாமல் எங்கே போவார்? நிஜமாகவே போய்விட்டாரோ என்று ஒரு எண்ணம் வந்தது. அதைவிட வெட்கக்கேடு, அப்படி இருந்தால் என் வேலை தப்பிக்குமே என்று அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மறுபடி போட்டேன். ஷோபா அழுதுகொண்டிருந்தாள். மேடம் நின்றுகொண்டிருந்தார், அவர் எதற்காக நிற்பார் என்பது தெரிந்ததால் எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒன்பதாவது முறை மணி அடித்தபோது எடுத்தார்கள். மூச்சு வாங்கும் குரல். ஆங்கிலத்தில், டாக்டர் ஆட்ரி பெல்வுட்தானா என்று கேட்டேன்.

"ஆமாம். இந்த நேரத்தில் போன் வந்தால் யாரோ இறந்திருக்க வேண்டும். யார்?"

எனக்கு வாய் வரவில்லை.

"நானா?" என்றார்.

"ஆமாம், டாக்டர். எங்கள் பட்டியலில். தவறு என்னுடையது."

"பட்டியல் எப்போது வெளியே போகிறது?"

"இன்னும் அரை மணி நேரத்தில்."

"அப்படியானால் வருத்தமெல்லாம் பிறகு படலாம். உங்களுக்கு என்ன வேண்டும், அதைச் சொல்லுங்கள்."

எழுத்தில் ஏதாவது வேண்டும், இன்றைய தேதியோடு, என்றேன். ஏரிக்குப் போய் இப்போதுதான் திரும்பியதாகச் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் நடந்துபோய்த் தண்ணீரின் வெப்பத்தை அளந்து நோட்டில் எழுதுவாராம். போன் அடித்தது அதனால்தான் கேட்கவில்லை. வருடாந்திரப் படிவம் மேஜையில்தான் கிடக்கிறது, சோம்பேறித்தனத்தால் அனுப்பவில்லை என்றார். கம்ப்யூட்டர் திறக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், வயது அதற்கு, எனக்கல்ல, என்றும் சொன்னார்.

ஐந்தே கால். ஐந்து இருபது. மேலாளர் எங்கள் மேஜைக்கே வந்து நின்றுவிட்டார். அவர் முகத்திலும் கடிகாரம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. ஐந்து இருபத்து மூன்றுக்கு மின்னஞ்சல் வந்தது. நோட்டின் அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். தேதி, ஏரியின் பெயர், தண்ணீர் பதினோரு டிகிரி. அடியில் ஒரு வரி: இதை அளந்தவர் உயிரோடு இருந்தார். கையெழுத்து.

மேலாளர் பட்டியலைத் திறந்தார். மேடம் அந்தக் குறியை எடுத்தார், உட்கார்ந்தபடியே. பட்டியல் சரியான நேரத்தில் போனது. நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். ஷோபா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் காபி மிஷின் அருகே நாங்கள் சினிமாவைத் தவிர எதுவும் பேசியதில்லை.

திங்கட்கிழமை மேடம் எங்கள் இருவர் பேரிலும் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். அதற்குக் கீழே தன் பேரிலும் ஒன்று எழுதிக்கொண்டார். விடுப்பில் போகும்போது கேள்வியைக் கேட்க ஆள் வைக்காமல் போனது தன் தவறு என்று இருந்தது. வேலை யாருக்கும் போகவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து ஆட்ரி பெல்வுட்டின் படிவம் முதல் ஆளாக வந்தது. அடியில் அன்றைய ஏரித் தண்ணீரின் டிகிரி. விளக்கம் எதுவும் கிடையாது. நான் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன். மேடம் ஓய்வு பெற்று மேலுகோட்டைக்குப் போன பிறகும் அது வந்தது. ஆறு வருடம் வந்தது.

ஏழாவது வருடம் உறையில் வேறு கையெழுத்து இருந்தது. அடியில் பார்த்தேன், எண் இல்லை. அவருடைய தங்கை மகள் எழுதியிருந்தார். பெரியம்மா போன மாதம் வீட்டிலேயே காலமானார், நான் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், மைசூரில் ஒருவருக்குக் கட்டாயம் எழுதச் சொல்லியிருந்தார், என்று.

அப்போது இரண்டு பேர் முறையெல்லாம் போய், மெஷின் வந்துவிட்டது. அது தானாகவே குறியைப் போடத் தயாராகக் காத்திருந்தது. நான் அதை நிறுத்திவைத்துவிட்டு முதலில் மாமாவுக்குப் போன் செய்தேன். நிஜமாகவா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, படத்திலிருக்கும் மாலையை எடுத்துவிட வேண்டுமா, இருக்கலாமா என்றார். இருக்கட்டும் மாமா என்றேன்.

அடுத்து மேலுகோட்டைக்கு. மேடத்தின் மருமகள் எடுத்து, காது கொஞ்சம் மந்தம், உரக்கப் பேசுங்கள் என்று கொடுத்தார். பதினான்கு மேஜைக்கும் கேட்கும்படி, ஆட்ரி பெல்வுட் தவறிவிட்டார் மேடம் என்றேன். பேர் ஞாபகம் இருக்குமோ என்று சந்தேகமாக இருந்தது.

"யார் பார்த்தா?"

"தங்கை மகள் மேடம். கையைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே இருந்தாங்களாம்."

நாற்காலி நகரும் சத்தம் போனில் கேட்டது. நானும் எழுந்து நின்றேன்.

"சரி," என்றார். "சாத்துங்கோ."